குறையாத மருந்து

...குறையவே இல்லையே, முந்தாநாள் லேபிளின் பாதியில் நின்ற மருந்து இன்றைக்கும் அங்கேயேதான் நிற்கிறது, ஃபிரிட்ஜ் கதவை இடுப்பால் தாங்கிக்கொண்டு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், கண்தான் ஏமாற்றுகிறதோ, காலையிலிருந்து இதே மாதிரி பாட்டில்களைத் தூக்கிக் காட்டியே கண் பூத்துப் போயிருந்தது... குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று பேர், ஊசி போட்டதைவிடத் தொண்டை வறளக் கத்தியதுதான் அதிகம், கோடு வரைக்கும் ஆறின தண்ணி ஊத்துங்கம்மா, ஒவ்வொரு தடவையும் குலுக்குங்க, வீட்டு ஸ்பூன் வேண்டாம், கூட வர்ற மூடியில அளங்க, காய்ச்சல் விட்டாலும் டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் நிறுத்தாதீங்க, மிச்சத்தை எடுத்து வெச்சுத் தம்பிக்கு ஊத்தாதீங்க... எல்லோரும் தலையை ஆட்டுகிறார்கள், ஆட்டிவிட்டுப் போய் என்ன செய்கிறார்களோ, அதை யார் கண்டது.

முன்னறையில் தையல் மெஷின் சத்தம் நின்றது, மகள் மறுபடி சிணுங்குகிறாள், உள்ளங்கையால் காதைப் பொத்திக்கொண்டு, போன வாரம் பொத்திக்கொண்டு அழுத அதே காது, இன்று ஆஸ்பத்திரியில் ஏதோ கொஞ்சம் சீக்கிரம் விட்டார்கள், இல்லாவிட்டால் இதுகூடத் தெரிந்திருக்காது, அவள் கிளம்பும்போதும் பிள்ளை தூக்கம், திரும்பும்போதும் தூக்கம், மருந்து ஊற்றுவது முழுக்க அவன் பொறுப்பு. "ஏங்க, பாப்பாவுக்கு மருந்து கொடுக்கலையா?" கணவன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். "காய்ச்சல்தான் விட்டுடுச்சே. வாயில வெச்சாலே உமட்டுறா, பாவம்." அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் வீட்டிலேயே இந்த லட்சணமா, வாயைத் திறப்பதற்குள் அவன் வெகுளியாய்க் கேட்டான், "நீதானே அவ நெத்தியைத் தொட்டுப் பார்த்துட்டு, அப்பாடா, சரியாயிடுச்சுன்னு சொன்ன?"

சொன்னாள்தான், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், பாட்டிலை வாங்கி வந்த அன்றும் இதே கதைதான், காலையில ஒரு மூடி, ராத்திரி ஒரு மூடி என்று வாசற்படியில் நின்றபடி, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில்... யார் யாருக்கோ மூச்சுவிடாமல் சொல்கிறவளுக்கு இவனிடம் உட்கார்ந்து பேச வாய் வரவில்லையே, கோபப்பட்டு என்ன பிரயோஜனம், கோபப்படத் தெம்பும் இல்லை. பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு டாக்டருக்குப் போன் போட்டாள், விட்ட இடத்திலிருந்து தொடரலாமா, நேரில் கொண்டுவரச் சொல்வாரோ, காது இன்னும் மோசமாகியிருந்தால்... மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கக் காணோம். சொன்னதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டானே மனுஷன், இன்றைக்குக் கடைசியாக வந்த அந்த அம்மா எதைப் பிடித்துக்கொண்டு போயிருப்பாள், மூச்சு வாங்க மூச்சு வாங்கப் பிள்ளையைத் தூக்கி வந்தவள், எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், முகம் மட்டும் இறுகியே இருந்தது, அது மலர்ந்தது எப்போது, குலுக்கச் சொன்னபோதா, அளக்கச் சொன்னபோதா... இல்லை, இவள் பாட்டிலை அந்த அம்மா கையில் கொடுத்து, கால் வலியில், எப்படியாவது அனுப்பிவிட்டால் போதுமென்று, "பயப்படாதீங்க, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றாளே, அப்போதுதான்.