பெட்டிக்குள் போட்ட முடிச்சு

1

இந்தக் கதை என் பித்தப்பையிலிருந்து வந்தது. இதைவிடக் கௌரவமான ஓர் இடத்திலிருந்து வந்ததாகச் சொல்லத்தான் ஆசை. யாராவது பேட்டி எடுத்தால் அப்படித்தான் சொல்வேன். உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? அரியலூர் தபால் ஆபீஸ் கவுண்டரில் ஒரு பார்சலை எடை போட்டுக்கொண்டிருந்தேன். வலது விலாவுக்குக் கீழே சுருக்கென்று பிடித்தது. ஸ்கேன் எடுத்தார்கள். ஏழு கல்.

மூன்று விதமாக ஆரம்பித்துப் பார்த்தேன்.

அ) பெரம்பலூர் வானத்தில் கருமேகங்கள் திரண்டிருந்த அந்த மாலையில், வேணியின் மனத்திலும்

[அன்று மேகமே இல்லை. மாலையும் இல்லை, காலை பதினோரு மணி.]

ஆ) டாக்டர் அறிவரசனின் நீண்ட, மெல்லிய விரல்கள்

[குட்டை விரல்கள். கரும்பு வெட்டுகிறவர் கை மாதிரி இருக்கும்.]

இ) "நான் பரீட்சையில ஃபெயில் ஆயிட்டேம்மா" என்றார், எனக்கு ஆபரேஷன் செய்ய இருந்த டாக்டர்.

மூன்றாவது அப்படியே நடந்தது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

2

டாக்டர் அறிவரசனுக்கு ஐம்பத்து நான்கு வயது. குடியிருப்பது அரியலூரில், வேலை பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில். [பெயர் போட மாட்டேன். மாற்றிப் போட்டாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் பெயரே வேண்டாம்.] ஆறு வருடங்களுக்கு முன் என் வீட்டுக்காரர் முத்துசாமிக்குக் குடலிறக்க ஆபரேஷன் செய்தவர் இவர்தான். அந்தப் பழக்கத்தில்தான் போனோம்.

உள்ளே நுழைந்ததும் மரியாதைக்கு, "நல்லா இருக்கீங்களா டாக்டர்?" என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு யாரும் உண்மையான பதில் சொல்வதில்லை. அவர் சொன்னார்.

"நல்லா இல்லம்மா. நேத்து திருச்சியில ஒரு பரீட்சை. ஃபெயில் ஆயிட்டேன்."

முத்துசாமி கையிலிருந்த ஸ்கேன் உறையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். அந்த மருத்துவமனையில் சர்ஜன்கள் வருடத்துக்கு இத்தனை மணி நேரம் புதிதாகக் கற்றுக்கொண்டதாகக் கணக்குக் காட்ட வேண்டும். மார்ச் முப்பத்தொன்றுக்குள் காட்டாவிட்டால், காட்டும்வரை ஆபரேஷன் தியேட்டருக்குள் போக முடியாது. இத்தனை வருடமாக அது ஒன்றும் கஷ்டமாக இருந்ததில்லை.

"ஓட்டல்ல ஏசி ஹால் போட்டு நடத்துவாங்க. காலையில கையெழுத்து, மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் சர்டிபிகேட்டும் ஒரு பையும். எங்க வூட்டு பீரோல பதினேழு பை இருக்கு. எங்க வூட்டம்மா மார்க்கெட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்க. கத்துக்கிட்டதுன்னு பார்த்தா, எந்த ஓட்டல்ல பிரியாணி நல்லா இருக்கும்ங்கறதுதான்."

இந்த வருடம் விதியை மாற்றிவிட்டார்கள். மணிக் கணக்கு மட்டும் போதாது, செய்தும் காட்ட வேண்டும். வயிற்றைத் திறக்காமல் சின்ன ஓட்டை வழியாகச் செய்யும் ஆபரேஷன் மாதிரியே ஒரு மூடிய பெட்டி, அதில் ஓட்டைகள், உள்ளே ஒரு கேமரா. இரண்டு நீளக் கருவிகளை ஓட்டை வழியாக விட்டு, உள்ளே இருக்கும் ரப்பர் துண்டில் ஊசி குத்தி, டிவியைப் பார்த்தபடியே முடிச்சுப் போட வேண்டும். பத்து நிமிடம். பத்தாவது நிமிடத்தில் அவருடைய நூல் ஊசியைச் சுற்றிக் கூடு கட்டியிருந்தது. தேர்வு நடத்தியவருக்கு அவர் வயதில் பாதி. "டைம் முடிஞ்சுது சார்" என்று ரொம்பப் பணிவாகச் சொன்னாராம்.

"அந்தப் பணிவுதாம்மா தாங்க முடியல."

3

"என் ஆபரேஷனுக்கு அந்த முடிச்சு வேணுமா டாக்டர்?"

"வேணாம். பித்தப்பைக் குழாயை அடைக்கறதுக்குக் கிளிப் போட்டாப் போதும். இருபது வருஷமா கிளிப்புலயே ஓட்டிட்டேன்."

"கிளிப் நிக்கலன்னா?"

"ரொம்ப அபூர்வம். அப்ப வயித்தைத் திறந்து பண்ணிடுவேன். அதுல எனக்குப் பயமே இல்ல. உங்களுக்குத்தான் தழும்பு பெருசா இருக்கும், ஆறுறதுக்கு நாள் ஆகும்." கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். "நீங்க திருச்சியில பண்ணிக்கறதா இருந்தா லெட்டர் தரேன். நல்ல ஆளுங்க இருக்காங்க. கோச்சுக்க மாட்டேன்."

பஸ்ஸில் முத்துசாமி முடிவே எடுத்துவிட்டார். "திருச்சிக்குப் போயிடுவோம் வேணி. அவரே சொல்லிட்டாருல்ல?"

"அவரே சொன்னதுனாலதாங்க யோசிக்கிறேன்."

[இந்த இடத்தில் எனக்கே என் பாத்திரத்தின் மேல் சந்தேகம். தான் தோற்றதை நோயாளியிடம் சொல்கிற டாக்டரை வாசகர்கள் நம்புவார்களா? அவரைக் கொஞ்சம் திமிர் பிடித்தவராக்கி, பிறகு திருத்திக் கொண்டுவந்தால் கதை எடுபடும். அப்படியும் ஒரு பக்கம் எழுதினேன். "உங்களுக்கு என்னம்மா தெரியும்?" என்று அவர் மேசையைத் தட்டுகிறார். படித்துப் பார்த்தால் யாரோ தட்டுகிறார்கள், இவர் இல்லை. கிழித்துவிட்டேன். திமிர் அவருக்கும் உண்டு. அது அடுத்த பகுதியில் வருகிறது.]

4

இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வுக்கு வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். டாக்டர் ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து ஓட்டை போட்டார். மேலே போனை ஒட்டி அதையே கேமராவாக்கினார். தியேட்டரில் ஓரங்கட்டி வைத்திருந்த பழைய கருவிகள் இரண்டு. உள்ளே பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் முக்கால் மணி நேரம்.

நேரம் பார்க்கும் வேலை பஞ்சவர்ணத்துக்கு. தியேட்டர் நர்ஸ். கல்லங்குறிச்சிக்காரர். எட்டு வருடம் சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் இருந்துவிட்டு ஊர்ப்பக்கம் வந்தவர். அங்கே சர்ஜன்கள் நாள் முழுக்க உள்ளுக்குள்ளேயே தையல் போடுவார்களாம். பக்கத்தில் நின்று ஊசியை எடுத்துக் கொடுத்தவர் இவர்.

மூன்றாம் நாள் அவர் வாயைத் திறந்தார்.

"சார், உங்க இடது கை சும்மா நிக்குது."

"புடிச்சிட்டுதானே இருக்கு?"

"புடிச்சிட்டுதான் இருக்கு. வேலை செய்யல. எல்லாத்தையும் வலது கையே ஓடிஓடிப் பண்ணுது."

"நீங்க போட்டுடுவீங்களாக்கும்?"

டாக்டர் கோபமாகக் கேட்ட கேள்வி அது. பஞ்சவர்ணம் நிஜமாகவே கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார். உட்கார்ந்தார். நான்கு நிமிடம் பத்து நொடியில் முடிச்சு விழுந்தது.*

டாக்டர் பெட்டியைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிட்டார். இரண்டு நாள் பஞ்சவர்ணத்தின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஆபரேஷனில் "கத்தரி", "பஞ்சு" என்பதோடு சரி. [திமிர் என்றேனே, இதுதான்.] மூன்றாம் நாள் மத்தியானம் பெட்டியை அவரே இறக்கினார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சிஸ்டர். மறுபடி காட்டுங்க. மெதுவா."

அதற்குப் பிறகு பஞ்சவர்ணம் வீட்டுப்பாடமெல்லாம் கொடுத்தார். இடது கையால் பல் துலக்க வேண்டும். இடது கையால் சட்டைப் பட்டன் போட வேண்டும். டாக்டர் ஒருநாள் உற்சாகம் மீறி, ஜெயங்கொண்டத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் இடது கையால் பாயசத்தை எடுக்கப் போக, அவர் மனைவி சுமதி தொடையில் கிள்ளியிருக்கிறார்.

* இதை என்னிடம் சொன்னவர் டாக்டர். பஞ்சவர்ணத்திடம் கேட்டால், "அன்னிக்கி ஏதோ விழுந்துடுச்சுங்க" என்கிறார்.

5

ரத்தப் பரிசோதனைக்காக நானும் முத்துசாமியும் போயிருந்தோம். நடையில் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே டாக்டர் பெட்டி முன்னால் குனிந்திருந்தார். பஞ்சவர்ணம் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார்.

"தப்பு சார். அவிழுங்க."

அவிழ்த்தார்.

"மறுபடி தப்பு. நூலைச் சுத்தறப்ப கருவி ஆடக் கூடாது. எத்தினி தடவ சொல்றது?"

"ஆடல சிஸ்டர்."

"போன்ல தெரியுது. நீங்களே பாருங்க."

பார்த்தார். "ஆமா, ஆடுது" என்றார். மறுபடி அவிழ்த்தார்.

நான் நேராகப் போய் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக்கொண்டு வந்தேன். முத்துசாமிக்கு ஒன்றும் புரியவில்லை.

"திருச்சி வேணாமா?"

"வேணாங்க. இவரு திட்டு வாங்குறாரு, பார்த்தீங்கல்ல?"

"அதனால?"

"வாங்கிட்டு மறுபடி பண்றாருங்க."

6

கதையின் முக்கியமான காட்சிக்கு வந்துவிட்டோம். எழுத்தாளர் அந்த இடத்திலேயே, அந்த அறையின் நட்டநடுவிலேயே இருக்கிறார். மயக்க மருந்தில்.

என்ன செய்வது? "பெரிய விளக்குகள் ஒளிர்ந்தன, கருவிகள் பளபளத்தன" என்று ஆரம்பித்தால் பொய். எனக்குத் தெரிந்தது ஒரு விளக்கும், "நூறுலேருந்து பின்னாடி எண்ணுங்க" என்ற ஒரு குரலும். தொண்ணூற்றாறு வரை எண்ணினேன். கண் விழித்தபோது முத்துசாமி என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஏன் கையில் வைத்திருந்தார் என்று அவருக்கும் தெரியவில்லை.

டாக்டர் சொன்ன கதை: "குழாய் கொஞ்சம் அகலமா இருந்துச்சும்மா. கிளிப் நிக்கல. முடிச்சுப் போட்டேன். முடிஞ்சுது."

டிஸ்சார்ஜ் சீட்டு சொன்ன கதை: சிக்கல் எதுவுமின்றி முடிந்தது.

தையல் பிரிக்கும் நாளில் பஞ்சவர்ணம் சொன்ன கதை:

"கிளிப் நிக்கலன்னதும் எல்லாரும் சாரையே பார்த்தோங்க. சார் நூல் கேட்டாரு. குடுத்தேன். மொத முடிச்சு நழுவிடுச்சு. மயக்க டாக்டர் கடிகாரத்தப் பார்க்கறாரு. 'திறக்கறதுக்கு எல்லாம் ரெடியா வைங்க சிஸ்டர்'னாரு சார். 'ரெடியா இருக்கு சார், ஆனா இடது கை'ன்னேன். அவ்ளோதாங்க நான் சொன்னது. சார் ரெண்டு கையையும் அப்படியே நிறுத்திட்டாரு. ஒரு மூச்சு விட்டாரு. அப்பறம் இடது கைலேருந்து ஆரம்பிச்சாரு. உக்காந்துடுச்சு. அதுக்கு மேல இன்னொன்னும் போட்டாரு, பத்திரத்துக்கு."

"உங்களுக்குப் பயமா இல்லியா?"

"இல்லாம? திறக்கறதுக்கு வச்ச கத்திய மூணு தடவ எண்ணிட்டேன். இருந்தது ஒண்ணுதான்."

[அபூர்வம் என்று அவர் சொன்னது சரியாக எனக்கே வர வேண்டுமா என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. நான் எழுதியிருந்தால் இப்படி ஒரு தற்செயலை வைத்திருக்கவே மாட்டேன். இது என் உடம்பு எழுதியது. அதற்குக் கதை எழுதத் தெரியாது.]

7

மறுதேர்வில் டாக்டர் எட்டு நிமிடம் நாற்பது நொடியில் முடிச்சுப் போட்டார். இங்கேயே நிறுத்தினால் கதை சுபம். நிறுத்திக் காட்டவா?

சுமதி கேசரி கிண்டினார். பஞ்சவர்ணத்துக்கும் ஒரு டப்பா போயிற்று. அனைவரும்

இல்லை. மார்ச் முப்பத்தொன்று மத்தியானம், என் கவுண்டருக்கு முன்னால் டாக்டர் வந்து நின்றார். கையில் ஒரு பக்கப் படிவம். இந்த வருடம் என்ன கற்றீர்கள், எத்தனை மணி நேரம், கற்பித்தவர் யார், அவர் தகுதி என்ன. கற்பித்தவர் என்ற இடத்தில் 'பஞ்சவர்ணம், தியேட்டர் நர்ஸ்' என்று எழுதியிருந்தார். மருத்துவமனை ஆபீஸில் படிவம் வாங்கும் செல்லக்கண்ணு அதை வாங்கவில்லை. தங்கமான மனிதர்தான், நல்லதற்குத்தான் சொல்லியிருக்கிறார்: "ஒரு டாக்டர்தான் சார் கத்துக் குடுத்திருக்கணும். உங்க சிநேகிதர் யார் பேரையாவது போட்டுடுங்க. யாரு பார்க்கப் போறா?"

பஞ்சவர்ணம் பெயர் இல்லாவிட்டால் அவரிடம் பெட்டியில் பழகிய பதினான்கு மணி நேரமும் கணக்கில் இல்லை. தேர்வில் தேறியது மட்டும் போதாது. நாளையிலிருந்து அவர் தியேட்டர் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

"போட்டுடலாம்னுதான் நினைச்சேன்" என்றார் டாக்டர். "பேனாவையும் எடுத்துட்டேன். கை வரலம்மா. இந்தக் கணக்கையெல்லாம் பார்க்கறதுக்கு மெட்ராஸ்ல மேலிடக் குழு இருக்கு. அதுக்கே நேரா அனுப்பிடறேன். இன்னிக்கித் தேதி முத்திரை விழுந்தாப் போதும். கூட ஒரு லெட்டர் வைக்கணும். நடந்ததை எழுதிக் குடுங்க. எனக்குப் பிரிஸ்கிரிப்ஷன்தான் வரும், அதையும் மெடிக்கல்காரர்தான் படிக்கணும்."

"பஞ்சவர்ணம் சம்மதிச்சாங்களா?"

டாக்டர் படிவத்தைப் பார்த்தார். "அவங்களக் கேக்கவே இல்லம்மா."

நான் போன் போட்டேன். பஞ்சவர்ணம் முதலில் பதறினார். "ஐயய்யோ, எம் பேரு எதுக்குங்க? நர்ஸ் எப்படிக் கருவியத் தொட்டான்னு நாளைக்கி யாராவது கேப்பாங்க. அடிச்சுடச் சொல்லுங்க."

"அடிச்சுட்டா வேற ஒருத்தர் பேரு வரணும். அவரு கத்துக் குடுத்ததா ஆயிடும்."

 போனில் ஸ்டீல் தட்டுகள் மோதும் சத்தம். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஸ்பீடு போஸ்ட் தபால்களைக் கட்டாகக் கட்டும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"என்னன்னு எழுதியிருக்காரு? படிங்க."

படித்தேன்.

"இனிஷியல் இல்லியே" என்றார். "வெறும் பஞ்சவர்ணம்னா நாட்டுல எத்தினி பேரு! செ. பஞ்சவர்ணம்னு போடச் சொல்லுங்க. பி.எஸ்ஸி. நர்சிங்கும் போடணும். கஷ்டப்பட்டுப் படிச்சது."

டாக்டர் போட்டார்.

8

கடிதம் மூன்றரை மணித் தபால் கட்டில் போய்விட்டது. நான்கு நாளாகிறது. பதில் இல்லை. டாக்டர் தியேட்டருக்குப் போகாமல் வெளிநோயாளிகளை மட்டும் பார்க்கிறார். தினமும் இரண்டு தடவை எனக்குப் போன் செய்து, "தபால் ஒழுங்காத்தானே போகும்?" என்று கேட்கிறார். என் துறையையே சந்தேகப்படுகிறார்.

முடிவுகள் சில எழுதி வைத்திருக்கிறேன். குழு ஏற்றுக்கொள்வதாக ஒன்று. திருப்பி அனுப்புவதாக ஒன்று. பஞ்சவர்ணத்தை மெட்ராஸுக்கு வரச் சொல்லி, பெட்டியை முன்னால் வைத்து, போட்டுக் காட்டச் சொல்வதாக ஒன்று. [இது எனக்குப் பிடித்தது. அதனாலேயே நம்பிக்கை இல்லை.]

எதையும் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. அந்தக் குழுவில் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இத்தனை பக்கம் எழுதினேன். படிவம் உங்கள் முன்னால் இருக்கிறது. கீழே உங்கள் முடிவை எழுத ஒரு கட்டம் காலியாக இருக்கிறது.

பேனா இல்லையா? எங்கள் கவுண்டரில் நூல் கட்டிய பேனா ஒன்று தொங்குகிறது. எழுதும். கொஞ்சம் அழுத்த வேண்டும்.