சத்தம் போடாத கரண்ட்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் மச்சானுக்குத் தோன்றியது. அவர் சோலார் கம்பெனி ஒன்றில் இருக்கிறார். சின்னச் சின்னத் தீவுகளுக்குப் போய், டீசலை விட்டுவிட்டு வெயிலுக்கு மாறுங்கள் என்று சொல்வது கம்பெனியின் தொழில். ஆண்டு விழாவில் வாசிக்க ஒரு கதை வேண்டுமாம். "ரெண்டு பக்கம் போதும். வேடிக்கையா இருக்கணும். கடைசியில எல்லாரும் கைதட்டணும்," என்றார். கதைக்குள்ளே தட்டுவதா, வெளியே தட்டுவதா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மனைவியின் அண்ணன். முடியாது என்று அவரிடம் சொல்லிவிடலாம், வீட்டில் சொல்ல முடியாது.

நான் எந்தத் தீவையும் பார்த்ததில்லை. படகு என்றாலே எனக்கு வயிற்றைப் புரட்டும். [இதை மச்சானிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.]

2

தொடக்கம் ஒன்று: நீலக் கடலின் நடுவே, மரகதத்தை இழைத்தாற்போல—

வேண்டாம். எழுதும்போதே கொட்டாவி வந்தது.

தொடக்கம் இரண்டு: நூற்றிருபது வீடுகள் கொண்ட அத்தீவின் சராசரி எரிபொருள் பயன்பாட்டை எடுத்துக்கொண்டால்—

இது மச்சான் சொல்லித் தந்த வாக்கியம். பாதியிலேயே எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் அது அப்படியே இருந்தது.

தொடக்கம் மூன்று: கடகடா மாமாவும் அவர் மனைவியும் பேசிக்கொண்டு எட்டு வருடம் ஆகியிருந்தது. தீவில் ஒருவருக்கும் அது தெரியாது.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

கடகடா மாமா ஜெனரேட்டர் ஓட்டுபவர். முப்பது வருடமாக, சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் கைப்பிடியைச் சுற்றுவார். அது கடகடவென்று கத்தத் தொடங்கும். தீவு முழுக்க விளக்கெரியும், ஃபேன் சுற்றும். பத்து மணிக்கு நிறுத்துவார். கிழட்டு இயந்திரம் என்பதால் ஐந்து நிமிடம் ஆள் நகர்ந்தாலும் நின்றுபோகும். அந்த நாலு மணி நேரமும் தீவில் எல்லோரும் கத்தித்தான் பேசியாக வேண்டும். நாளடைவில் மற்ற இருபது மணி நேரமும் கத்திக்கொண்டே இருந்தார்கள்.

மாமாவின் வீடு ஜெனரேட்டர் கொட்டகையை ஒட்டி இருந்தது. பகலில் மாமா இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டு கொட்டகையிலேயே கிடப்பார். ஆறு மணிக்கு மேல் அங்கே யார் பேசினாலும் வெளியே கேட்காது. அதனால் யாரும் பேசவில்லை என்பதும் வெளியே தெரியவில்லை. மனைவி தையல்காரர், வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். அவரிடம் பேச்சை எதிர்பார்ப்பவர்களும் இல்லை.

[என்ன சண்டை? முதலில், காப்பியில் சர்க்கரை குறைந்ததால் வந்த சண்டை என்று எழுதினேன். எட்டு வருடத்துக்கு ஒரு காப்பி தாங்காது. அடித்துவிட்டேன்.]

மனைவியின் அம்மா தீவின் மறுகோடியில் ஒரு சாயங்காலம் காலமானார். தீவு வழக்கப்படி அன்றிரவே எடுத்துவிட்டார்கள். அதுவரை மாமா வரவில்லை. பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு, கையெல்லாம் கரியோடு வந்து நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது. "நான் விட்டுட்டு வந்திருந்தா இந்த வீடே இருட்டாயிருக்கும்," என்றார். அவர் சொன்னது தப்பில்லை, சங்கடமே அதுதான். மனைவி அதற்குப் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எதற்குமே சொல்லவில்லை.

மன்னிக்கவும். வேடிக்கைக் கதைக்கு ஒப்புக்கொண்டவன் நான். மேலே போவோம்.

4

கம்பெனியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். சோலார் மேடம் என்று தீவு அவருக்குப் பெயர் வைத்தது. மூன்று வாரத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் தகடுகளையும் பீரோ உயரத்துக்கு ஒரு பேட்டரியையும் நிறுத்தினார். ஒரு திங்கட்கிழமை ஜெனரேட்டருக்கு ஓய்வு கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமைக் கப்பலில் மேலதிகாரி வருவார். மீட்டரைப் பார்ப்பார். தீவுக்காரர்கள் கரண்டைப் பயன்படுத்தவில்லை என்றால் எல்லாவற்றையும் கழற்றி வேறு தீவுக்கு ஏற்றிவிடுவார்.

திங்கள் மாலை ஆறு மணி. பேட்டரி நிறைந்து கிடந்தது. மீட்டரில் பூஜ்யம். மேடம் பதறியடித்துக்கொண்டு தீவுத் தலைவர் வீட்டுக்கு ஓடினார். தலைவர் இருட்டில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"சத்தத்தையே காணோமேம்மா. அப்புறம் கரண்ட் எப்படி வரும்?"

மேடம் சுவிட்சைத் தட்டினார். ஃபேன் சுற்றியது. தலைவர் பாய்ந்து வந்து சுவிட்சை அணைத்தார்.

"இது நேத்து மிச்சம். கம்பியில தங்கியிருக்கும். தீர்த்துடாதீங்கம்மா."

நூற்றிருபது வீட்டிலும் இதே விளக்கம்தான். செவ்வாயும் பூஜ்யம்.

[மச்சான் இதைப் படித்துவிட்டு, மக்களை முட்டாளாகக் காட்டாதே என்று கண்டித்தார். நியாயம்தான். ஆனால் டிவி ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தால் அவரும் அதை உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டுகிறார்.]

அமைதி இன்னொரு வேலையும் செய்தது. தலைவர் தன் மனைவியிடம் ரகசியமாகச் சொன்னது நாலு தெரு தாண்டிக் கேட்டது. மாமாவின் பக்கத்து வீட்டு வலைக்காரர் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "என்ன மாமா, உங்க வீட்ல மட்டும் பேச்சு மூச்சையே காணோம்?" என்றார். மாமா அவசரமாக ஒரு பாத்திரத்தை உருட்டிவிட்டார். இப்படியே ஒரு வாரம் போனால் எட்டு வருடக் கதையும் சந்தி சிரித்துவிடும்.

5

அதனால்தான், புதன்கிழமை மேடம் ஒரு யோசனையோடு வந்தபோது, அவர் சொல்லி முடிப்பதற்குள் மாமா சரி என்றுவிட்டார். ஜெனரேட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சத்தத்தை செல்போனில் பதிவு செய்தார்கள். ஆறு மணிக்கு அதை ஒலிபெருக்கியில் போட்டார்கள்.

கடகடகடகட. தீவு முழுக்க விளக்கெரிந்தது, எல்லா ஃபேனும் சுற்றின. மீட்டர் எகிறியது. ஒரு சொட்டு டீசல் எரியவில்லை. வெயிலை வாங்கி வைத்து, அதைக் கொண்டு டீசல் சத்தம் போட்டார்கள். இதை அறிக்கையில் எப்படி எழுதுவது என்று திணறிய மேடம், 'மக்கள் ஒத்துழைப்பு' என்று எழுதினார். வெள்ளிக்கிழமை காலைக் கப்பலில் வந்த மேலதிகாரி மீட்டரைப் பார்த்துவிட்டு மதியமே திரும்பினார். போகும்போது எல்லோரும் கைதட்டினார்கள்.

தட்டியாயிற்று. மச்சான் கிளம்பலாம். நீங்கள் கொஞ்சம் இருங்கள்.

6

மேடமும் போன பிறகு, மாமா தினமும் ஆறிலிருந்து பத்து வரை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். இதை விட்டு நகர முடியாது என்று போவோர் வருவோரிடம் சொன்னார். யாரும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

இந்த இடத்தில் எனக்கு மாமா மேல் சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்கும் இப்படித்தானோ? மாமியார் அவரைப் பெற்ற பிள்ளையாக வைத்திருந்தவர். அந்த முகத்தை அப்படிப் பார்க்கப் பயந்துதான் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டாரோ? படைத்தவன் நான், எனக்கே தெரியவில்லை.

அடுத்த திங்கள், ஆறரை மணிக்கு, மனைவி கொட்டகைக்கு வந்தார். ஜெனரேட்டர் மேல் கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. ஸ்டூலில் காவல் இருந்த கணவரைப் பார்த்தார். ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்கினார்.

கரண்ட் போய்விட்டது என்று நூற்றிருபது வீடும் மிச்சத்தைச் சேமிக்கச் சுவிட்சை அணைத்தன.

"அன்னைக்கு இந்த மாதிரி தானா ஓடுற கரண்ட் இருந்திருந்தா, எங்கம்மாவைப் பார்க்க வந்திருப்பீங்களா?"

7

முடிவு ஒன்று: "வந்திருப்பேன்," என்றார் மாமா.

எழுதிப் பார்த்தேன். என் காதிலேயே பொய்யாக விழுந்தது.

முடிவு இரண்டு: "மாட்டேன். எனக்குப் பயமா இருந்துச்சு."

இது உண்மை மாதிரி இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லும் தைரியம் மாமாவுக்கு இருந்திருந்தால் எட்டு வருடம் எதற்கு?

முடிவு மூன்று: மாமா சிரித்துக்கொண்டே ஒயரை மறுபடி செருகி— [மச்சானுடையது. கிழித்துவிட்டேன்.]

மாமா வாயைத் திறந்தார். அதுவரைதான் எனக்குத் தெரியும். நகர முடியாத வேலை என்று சொல்ல அவரிடம் இனி எதுவும் இல்லை. எனக்கோ அவர் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவருக்காகப் பதில் எழுதத் துணிவில்லை. நீங்கள் சொல்லுங்கள். அவசரமில்லை. மனைவி காலி டீசல் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அவருக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டார்.