அடுத்த தைக்குக் குல்மார்க்

மகளுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் தர்மராஜ் காஷ்மீருக்குப் போகும் வழியைக் கேட்பதை நிறுத்தவில்லை. அரியலூர் ஸ்டேஷனில் அவன் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். டிரங்குப் பெட்டியும் படுக்கைச் சுருட்டுமாக யாராவது மிலிட்டரிக்காரர் வண்டியை விட்டு இறங்கினால் கொடியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு பக்கத்தில் போய் நிற்பான். எங்கே வேலை, அங்கே ஐஸ் விழுமா, எந்த மாதம், நிச்சயமாக விழுமா என்று கேட்பான். அவரும் ஊருக்கு வந்த சந்தோஷத்தில் நின்று பதில் சொல்லிவிட்டுப் போவார். விஷயம் தெரிந்த போர்ட்டர்கள் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

ஐஸ் மலையில் சறுக்க வேண்டும் என்று கேட்டவள் மலர்க்கொடி. ஸ்டேஷன் ஆபீசில் ஒரு பாங்கு காலண்டர் தொங்கியது. அதில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட பெண்ணொருத்தி இரண்டு நீளக் கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு வெள்ளை மலையிலிருந்து இறங்கி வருவாள். அப்பாவுக்குச் சோற்றுத் தூக்கு கொண்டுவரும்போதெல்லாம் மலர்க்கொடி அதன் எதிரில் நிற்பாள். ஊருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் தோண்டுகிற இடத்தில் கொட்டி வைத்த மண்மேட்டில் பிள்ளைகள் தென்னமட்டையில் உட்கார்ந்து சறுக்குவார்கள். இவள் மட்டும் மட்டைமேல் நின்று சறுக்குவாள். முழங்கால் சிராய்ப்போடு வீட்டுக்கு வந்து, உட்கார்ந்துகொண்டு சறுக்குவதெல்லாம் சின்னப் பிள்ளைகள் வேலை என்பாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

தர்மராஜுக்கு அது நடக்காத காரியமாகத் தோன்றவில்லை. ரயில்வே பாஸ் இருக்கிறது. தண்டவாளம் போகும் இடம்வரை குடும்பத்துக்குச் செலவில்லை. தண்டவாளம் சிம்லா மலை உச்சிவரை ஏறுகிறது என்று தெரிந்ததும் சிம்லா என்று முடிவு செய்துவிட்டான். அதைக் கெடுத்தவன் ராசாங்கம். அரும்பாவூர்க்காரன், பட்டாளத்திலிருந்து வந்து பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தான்.

சிம்லாவில் ஐஸ் விழுந்தாலும் விழும், விழாமலும் போகும் என்றான் ராசாங்கம். அவனுடைய ஆபீசர் வீட்டு அம்மா அங்கே போய் ஜன்னலோரமாகவே உட்கார்ந்திருந்துவிட்டு ஒரு பொட்டு ஐஸ் பார்க்காமல் திரும்பினாளாம். நிச்சயம் வேண்டுமானால் குல்மார்க். தை மாதம் போனால் ஏமாற்றம் கிடையாது. ஜம்முவரை பாஸ், அதற்குமேல் பஸ்.

செலவு குறைக்கவும் அவன் வழி சொன்னான். குல்மார்க்கில் தங்கக் கூடாது, அங்கே ரூம் விலை கட்டுப்படி ஆகாது. கீழே டங்மார்க் என்றொரு ஊர். அங்கே தங்கிக்கொண்டு காலையில் ஏறி, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். சறுக்குக் கட்டை, பூட்ஸ், நீளக் கோட்டு எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும், எதையும் வாங்க வேண்டாம். கம்பளி இரண்டு தானே தருவதாகவும் சொன்னான். அரிசியும் புளிக்காய்ச்சலும் கையோடு எடுத்துப் போகச் சொன்னான். பொங்கல் கழித்துப் புறப்படுவது என்று ஏற்பாடு. வீட்டில் டங்மார்க், டங்மார்க் என்று மலர்க்கொடி பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

புரட்டாசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்காய்ச்சல் என்று திருச்சிக்கு எடுத்துப் போகச் சொன்னார்கள். எடுத்துப் போனார்கள். திரும்பி வரும்போது வாடகைக் காரில் அவள் தலை அம்மா செங்கமலத்தின் மடியில் இருந்தது. டிரைவர் வழியெல்லாம் ஹாரன் அடிக்காமலே ஓட்டினான்.

அதன்பிறகு செங்கமலம் எல்லா வேலையும் செய்தாள். தண்ணீர் எடுத்தாள், துணி துவைத்தாள், கேட்டால் பதில் சொன்னாள். ஒருநாள் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். இருவரும் சாப்பிட்டு எழுந்தார்கள். மறுநாள் மீதிக் குழம்பைக் கேட்டு வாங்கிப்போன பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜெயலட்சுமி வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

மார்கழி பிறந்ததும் தர்மராஜ் ஆபீசிலிருந்து வந்து, பாஸ் எழுதிவிட்டதாகச் சொன்னான். எழுதுகிற கிளார்க் இரண்டு பேரா என்று கேட்டாராம்.

"என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன்."

அவள் முறத்திலிருந்த அரிசியைப் பார்த்தாள். கல் எதுவும் இல்லை. இருந்தாலும் விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"எழவு வுழுந்த வூட்டுக்காரங்க ஒரு வருஷத்துக்கு மலை ஏறக் கூடாதுங்க" என்றாள்.

தர்மராஜுக்கு அது நினைவிலேயே இல்லை. அது சாமி மலைக்குச் சொன்னது, பழனி, திருத்தணி மாதிரி என்றான். மலை என்றால் மலைதான் என்றாள் அவள். பேச்சு அதற்குமேல் போகவில்லை. இந்த மாதிரி விஷயத்தில் பங்காளிகளுக்குப் பெரியவர் வேப்பந்தட்டையிலிருக்கும் முத்துசாமிப் பெரியப்பாதான். அவர் சொல்லிவிட்டால் சரி என்று இருவரும் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினார்கள்.

பெரியப்பா வாசலில் சாக்கை விரித்துச் சின்ன வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார். அழுகியது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம். மேற்கே பச்சைமலை வெயிலில் தெளிவாகத் தெரிந்தது. தர்மராஜ் விஷயத்தைச் சொன்னான். பாஸ், குல்மார்க், தை மாதம், எல்லாம் சொன்னான். ராசாங்கம் கம்பளி தருவதைக்கூடச் சொன்னான்.

"இதைக் கேக்கவாடா இம்மாந்தூரம் வந்தீங்க?" என்றார் அவர். "சின்ன உசுருக்கு வருஷம் ஏது? வயசுக்கு வராத புள்ள. பதினாறோட சரி. பழனி ஏறு, இமயமலை ஏறு, ஆரு கேக்கப் போறா?"

இமயமலை என்றதில் அவருக்கே சிரிப்பு வந்தது. செங்கமலத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அவளும் உட்கார்ந்து வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"எத்தினி வயசுலேருந்து மாமா வருஷம்?"

"வயசுக் கணக்கு இல்லம்மா. கண்ணாலம் காட்சி ஆவணும், புள்ளகுட்டி இருக்கணும். தெவசம் குடுக்க ஒரு ஆளு வேணும்ல?"

"எனக்கு அம்மை போட்டிருந்தப்ப அவதான் சோறாக்குனா. அவருக்குத் தூக்குல எடுத்தும் போனா."

"அதுக்கு?"

"அவளுக்கு வருஷம் இல்லேன்னா, அவ ஒரு ஆளே இல்லேன்னு ஆயிடும் மாமா."

பெரியப்பா கையிலிருந்த வெங்காயத்தை நல்ல பக்கத்தில் போட்டார், பிறகு எடுத்து அழுகின பக்கத்தில் போட்டார். அவள் இஷ்டத்துக்கு வருஷம் பிடிக்க முடியாது என்று விளக்கினார். அவள் பிடித்தால் பங்காளி வீடு அத்தனையையும் அது கட்டும். வரும் தைப்பூசத்துக்குத் தன் மகன் அழகேசனின் பையன் பழனி மலைக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்திருக்கிறது. பிள்ளைக்குக் கால் வராமல் இருந்து நடை வந்ததற்கு வேண்டுதல். ஏற்கெனவே இரண்டு தடவை பங்காளிச் சாவில் தள்ளிப்போய்விட்டது. இதையும் தள்ளினால் சாமி என்ன நினைக்கும்?

உள்ளேயிருந்து பெரியம்மா மெதுவாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"ஒங்களைக் கட்ட வேணாம் மாமா. நீங்க ஏறுங்க. எனக்கு இருக்கட்டும்" என்றாள் செங்கமலம்.

"ஒருத்திக்கு மட்டும் வருஷம்னு எந்த ஊருல இருக்கு? டேய் தர்மா, நீ சொல்றா."

தர்மராஜ் பச்சைமலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். புறப்படும்போது பெரியம்மா ஒரு பை நிறைய வெங்காயம் கொடுத்தாள். நல்ல பக்கத்து வெங்காயம்.

பெரம்பலூரில் வண்டி மாறி ஏறிய பிறகு அவன் ஒருமுறை, பெரியப்பாவே சொல்லிவிட்டாரே என்றான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். சோளக்கொல்லைகள் போய்க்கொண்டிருந்தன. அங்கே பார்த்தபடியே கேட்டாள்.

"அந்த ஐஸு அடுத்த தைக்கும் இருக்குமா?"

"குல்மார்க்கா? இருக்கும். எந்த வருஷமும் அங்க பொய்க்காதுன்னு ராசாங்கம் சொன்னான்."

"அப்ப என்னங்க அவசரம்?"

அவன் மடியிலிருந்த வெங்காயப் பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"வழி கேக்கறதை நிறுத்திட்டா எனக்கு வேற என்ன வேலை இருக்கு புள்ள?" என்றான்.

வண்டி ஆளை இறக்கி ஆளை ஏற்றிக்கொண்டு போனது.

அந்த வருஷத்துப் பாஸைத் தர்மராஜ் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஏன் என்று கிளார்க் கேட்டதற்கு உடம்புக்கு முடியவில்லை என்றான். மிலிட்டரிக்காரர்கள் பக்கம் போவது குறைந்தது. பொங்கல் வந்தது. செங்கமலம் வாசலில் கோலம் போடவில்லை, புதுப்பானை வாங்கவில்லை. பொங்கல் வைக்கவில்லையா என்று ஜெயலட்சுமி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். இல்லை என்று செங்கமலம் சொன்னதோடு சரி. அவன் டூட்டி முடிந்து வந்து, பழைய சோறு இருந்தால் போடு என்றான். பெரியப்பா சொன்னது சரியா, இவள் பிடிப்பது சரியா என்று அவன் வாய் திறந்து ஒன்றும் சொல்லாததால் அவன் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

பொங்கல் முடிந்த வாரத்தில் அழகேசன் வந்தான். பெரியப்பா மகன், தர்மராஜுக்குத் தம்பி முறை. பையனோடு அவனும் மாலை போட்டிருந்தான். பச்சை வேட்டியும் திருநீறுமாகச் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். வெள்ளிக்கிழமை காவடி கட்டுகிறோம், பங்காளி அத்தனை பேரும் வந்து நிற்க வேண்டும், பழனிக்கு லாரி பேசியிருக்கிறது என்றான். அன்றைக்கு அப்பா பேசியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னான். மாலை போட்டவர்கள் சாவுத் தீட்டு உள்ள வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். இந்த வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை என்றுதான் அவன் வந்திருந்தான். செங்கமலம் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டான்.

"நாங்க வரமுடியாது அழகேசா" என்றான் தர்மராஜ். "எங்களுக்கு வருஷம் கழியல. பொரட்டாசிக்குத்தான் கழியும்."

"ஆருக்கு வருஷம்ணே?" என்று கேட்டுவிட்டான் அழகேசன். பழக்கத்தில் வந்த கேள்வி.

"எம்மவ மலர்க்கொடிக்கு."

சொல்லிவிட்டுத் தர்மராஜ் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். செங்கமலம் அடுப்படி நிலையில் நின்றாள். அழகேசன் அண்ணனைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். பங்காளி வீட்டையெல்லாம் இது கட்டுமா கட்டாதா என்று அவன் மனதில் ஓடியிருக்கும். அதைக் கேட்கவில்லை. தம்ளர் அவன் கையில் சுட்டுக்கொண்டிருந்தது. குடித்துவிட்டு எழுந்து போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

குனிந்து, தம்ளரை ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தான்.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணி" என்றான். "மாலை போட்டிருக்கேன்."

"நான் ஏன் தப்பா நெனைக்கப் போறேன்?" என்றாள் செங்கமலம்.

காவடிக்கு இனி என்ன செய்வது என்று அப்பாவைக் கேட்டுக்கொள்வதாகச் சொல்லி அவன் எழுந்தான். வரேன் என்று சொல்லவில்லை, எழவு வீட்டில் சொல்ல மாட்டார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரயில்வே கேட்டுவரை நடந்துதான் போனான்.

செங்கமலம் வந்து தம்ளரை எடுத்தாள். காப்பி ஒரு சொட்டுக் குறையாமல் இருந்தது. அவள் அதைக் கொட்டவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.