ஏழாம் எண் சுற்றுவழி

ஹாலமை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் க்ளெம், எங்கள் ஊர் போர்த்வெல்லாவின் தபால்காரர். மீதி நேரமெல்லாம் கடலோரப் பாதையில் கிளம்பி, வயல் வழியாக உள்ளே திரும்பி, வீட்டு வாசலிலேயே வந்து முடிகிற சுற்றுவழிகளைத் தேடிக்கொண்டிருப்பார். "போன வழியிலயே திரும்பி வர நான் என்ன பஸ்ஸா?" என்பார். ஒன்பது வழி கண்டுபிடித்து வரைபடத்தில் எண் போட்டு வைத்திருந்தார். ஏழாவதுதான் அவருடைய செல்லம். மீன்பிடித் துறையில் தொடங்கி, பாறை விளிம்போடு ஏறி, பழைய தகரச் சுரங்கத்தின் புகைபோக்கியைத் தாண்டி, ஹாலமின் பண்ணை கேட் வழியாகத் தேவாலயச் சந்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு வரும்.

ஹாலம் இந்தப் பண்ணையை வாங்கி இருபத்தாறு வருடமாகிறது. மூன்று வருடத்துக்கு முன் சுற்றுலாப் பயணிகளுக்கென்று இரண்டு குடில்கள் கட்டினான். கேட்டில் பூட்டு தொங்கியது, 'தனியார் இடம்' என்று பலகையும். அந்தக் கேட் இல்லையென்றால் மிச்ச வழி தார்ச்சாலைதான். இரண்டு பக்கமும் ஆளுயரப் புதர்வேலி, ஒதுங்கி நிற்க ஓர் அடி இடம் கிடையாது. அந்தச் சாலை வேண்டாமென்று க்ளெம்மிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். பிடிவாதக்காரர், கேட்கவில்லை. இரண்டாவது மாதம், வளைவில், ரொட்டி வண்டி.

வண்டிக்காரப் பையன் என் காலடியில் உட்கார்ந்து அழுதான். அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அடக்கத்துக்கு ஹாலம் பூங்கொத்து அனுப்பினான். அதைப் பக்கத்து வீட்டு பாஸ்கோவின் பன்றிகளுக்குப் போட்டேன்.

"பன்னிக்கே பிடிக்கல பாரு," என்றார் பாஸ்கோ. "சரி லவ்டே, இப்ப என்ன பண்ணப்போற?"

"அவன் வீட்டு வழியா ஊரையே நடக்க விடப்போறேன்."

எங்கள் சட்டம் எளிமையானது. இருபது வருடம் தடையில்லாமல் ஜனங்கள் நடந்திருந்தால் அது பொதுப்பாதை. ஆனால் நிலத்துக்காரன் வருடத்தில் ஒரே ஒரு நாள் வழியை அடைத்திருந்தாலும் போச்சு. நான் மனுப் போட்டேன். ஹாலமின் வக்கீலுக்கு இது தெரியாதா? 'ஆண்டுதோறும் ஒரு நாள் பூட்டினேன்' என்று எழுதிக்கொடுத்திருந்தான் ஹாலம். எந்த நாள் என்று எழுதவில்லை.

விசாரணை ஊர் மன்றத்தில் நடந்தது. என் மடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. விசாரிக்க வந்த அதிகாரியம்மா, ஹாலமை நானே கேள்வி கேட்க விட்டார்.

"மிஸ்டர் ஹாலம், வருஷா வருஷம் எந்த நாள் பூட்டுனீங்க?"

பிப்ரவரியில் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை என்று சொல்லியிருந்தால் என் கதை அன்றோடு முடிந்திருக்கும். டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு, மிஸஸ் ட்ரெம்பாத்," என்றான், ரொம்ப மரியாதையாக. "அன்னிக்கு யாரும் வெளிய வரமாட்டாங்க இல்லையா, யாருக்கும் தொந்தரவு வேண்டாமேன்னு."

பாஸ்கோ சிரித்தார் பாருங்கள், கூரை அதிர்ந்தது.

டிசம்பர் பிறந்தால் பனிச்சறுக்கு விளையாட ஆல்ப்ஸ் போய்விடுகிறவனுக்கு எங்கள் கிறிஸ்துமஸ் என்ன தெரியும்? வான்கோழியும் புட்டிங்கும் வயிறு முட்டத் தின்றுவிட்டு, விருந்தில் தலையில் வைத்த காகிதக் கிரீடத்தைக் கூடக் கழற்றாமல், ஊர் மொத்தமும் நடக்கிற வழி அந்த ஏழாம் எண்.

டப்பாவைத் திறந்தேன். இருபத்திரண்டு கிறிஸ்துமஸ், இருபத்திரண்டு புகைப்படம். ஒவ்வொன்றிலும் காகிதக் கிரீடக் கூட்டம், பின்னால் விரியத் திறந்த கேட், பின்பக்கம் க்ளெம்மின் கையெழுத்தில் வருடம். ஒவ்வொன்றாக மேசையில் வைத்தேன். அவசரப்படவில்லை. மிகப் பழையதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அவன் ஊருக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ், ஆல்ப்ஸ் பழக்கம் இன்னும் தொற்றாத காலம். பச்சைக் கிரீடம் வைத்து, ஒரு கையில் கோப்பையோடு, மறு கையால் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு இளிக்கிறான் ஹாலம்.

"இது நீங்கதானா?" என்று கேட்டார் அதிகாரியம்மா.

அவன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். மூன்று வருடத்தில் அன்று இரவுதான் நன்றாகத் தூங்கினேன்.

வசந்தத்தில் பூட்டை அறுத்தார்கள். பொதுப்பாதை இரண்டு குடில்களுக்கும் நடுவே, பயணிகள் ஊறிக் கிடக்கிற வெந்நீர்த் தொட்டியை உரசிக்கொண்டு, அவன் சமையலறை ஜன்னலுக்குக் கீழே போகிறது. அவன் முட்டை உடைக்கிற நேரம் பார்த்துப் போவேன். சனிக்கிழமைகளில் நடைக் குழுவின் முப்பது பேரையும், அவர்கள் நாய்களையும் கூட்டிப் போவேன். க்ளெம்மின் கைத்தடியால் அந்தக் கேட்டுக் கம்பத்தில் ஒரு தட்டுத் தட்டாமல் தாண்ட மாட்டேன்.

போன வாரம் இரவு அங்கியோடு வெளியே ஓடிவந்தான். கொஞ்சம் கிழடு தட்டியிருந்தது. ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது, ஒரே நிமிஷம்.

"இன்னிக்கு மட்டும் மூணாவது தடவை! க்ளெம்முக்கு நடந்ததுக்கு நான் வருத்தப்படாத நாளில்ல. எப்பதான் நிறுத்துவீங்க?"

தடியை ஊன்றி நின்றேன்.

"இது சுத்துவழி, மிஸ்டர் ஹாலம். முடியுற இடமே கிடையாது."