பனியில் ஒரு ஜோடிச் செருப்பு

டிசம்பர் வந்தால் எனக்கு ஒரு கிறிஸ்துமஸ் காதல் நாவல் வேண்டும். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. மலேசியாவில் எங்கள் காஹாங்கில் பனியும் இல்லை, அடைமழைதான். ஆனால் வெளியே மழை கொட்டும்போது, எங்கேயோ ஓர் ஊரில் பனி கொட்ட, கோபித்துக்கொண்டு போனவள் காதலனிடம் திரும்பி வருவதைப் படிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. முடிவு என்ன என்று அட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வருடம் முழுக்க கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்து காய்ச்சல் முகங்களைப் பார்க்கிறவளுக்கு, நல்லபடியாக முடியும் என்று முன்கூட்டியே தெரிந்த விஷயம் ஒன்றாவது வேண்டாமா? படித்து முடித்ததும் உள்ளட்டையில் வருடத்தை எழுதி அலமாரியில் அடுக்கிவிடுவேன். எல்லா அட்டையிலும் பனி, மஃப்ளர், ஒரு நாய்க்குட்டி. என் வீட்டுக்காரருக்கு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே தெரியாது.

போன டிசம்பரில் எனக்குக் கண்புரை ஆப்பரேஷன் நடந்தது. புதுக் கண்ணாடி வரும்வரை படிக்க வழியில்லை, எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகள் ரூபினி போனில் யோசனை சொன்னாள்.

"ஆடியோ புக் போட்டுத் தர்றேம்மா. படுத்துக்கிட்டே கேளுங்க."

"வேணாம்லா. உங்கப்பா படிக்கட்டும்."

அவள் சிரி சிரி என்று சிரித்தாள்.

சிரிப்பாள்தான். அவள் அப்பா குணாளன் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிட்டு, நாள் முழுக்க மரங்களுக்கிடையே மோட்டார் சைக்கிளில் சுற்றுகிறவர். "சாப்பிட்டியா", "டயர்ல காத்து இருக்கா", "குடை எடுத்துக்க". இந்த மூன்றை வைத்தே என்னோடு இருபத்தொன்பது வருடம் குடும்பம் நடத்திவிட்டார். என்னைப் பிடிக்கும் என்று ஒரு தடவைகூட வாய் திறந்து சொன்னதில்லை. ஆப்பரேஷன் அன்றுகூட, உள்ளே போகும்முன் அவர் முகத்தை ஆசையாகப் பார்த்தேன். "பேக்கைக் குடு" என்றார். வெளியே வந்தபோது, வாசலில் நான் கழற்றிவிட்டுப் போன செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே வைத்தால் ஓடியா போகும் என்று எல்லார் முன்னாலும் திட்டிவிட்டேன்.

அதனால்தான் ஒரு திட்டம் போட்டேன். அலமாரியில் எனக்கு மனப்பாடமான பழைய நாவலைத் தடவி எடுத்து, "புதுசு, படிங்க" என்று கொடுத்தேன். அதன் கடைசி அத்தியாயத்தில் ஜாக் எமிலியிடம், "உன்னைப் பார்த்த முதல் நாளிலிருந்து உன்னைக் காதலிக்கிறேன்" என்று சொல்கிறான். ஜாக்கின் வார்த்தையாக இருந்தால் என்ன, வருவது குணாளன் வாயிலிருந்துதானே. வாழ்க்கையில் ஒரு தடவை அதைக் கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது.

தினமும் வேலை முடிந்து குளித்துவிட்டு, மூன்று மணிக்கு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். இங்கிலீஷில் முணுமுணுத்துவிட்டுத் தமிழில் சொல்வார். ஜாக் கிறிஸ்துமஸ் மரம் வளர்க்கிற தோட்டக்காரன். அதைப் படித்ததும் மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எட்டு வருஷம் வளத்து ஒரு வாரத்துல வெட்டிடுறானா? மறுநடவு எப்போன்னு எழுதல பாரு."

"அதெல்லாம் எதுக்குங்க. எமிலி வந்துட்டாளா?"

"வந்துட்டா. ஆனா மரத்துக்கு மரம் எத்தன அடி விட்டிருக்கான்னு சொல்ல மாட்றாங்க."

தோட்டத்தை ஒரு கம்பெனி வாங்கப் பார்க்கிறது என்று தெரிந்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. "வித்துடாதடா மடையா" என்று ரசத்தைப் பார்த்துச் சொன்னார். முத்தம் வரும் இடங்களில் மட்டும் வேகம் கூடிவிடும். இரண்டு பக்கம் சேர்ந்து புரளும் சத்தம் எனக்குக் கேட்கும். "அப்புறம் ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருந்தாங்க" என்று முடித்துவிடுவார். அந்த எமிலியும் ஜாக்கும் அப்படி என்னதான் பேசினார்களோ என்று நான் உதட்டைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் கடைசி அத்தியாயம் வந்தது. தோட்டம் தப்பித்தது, அவருக்குப் பரம திருப்தி. எமிலி பனியில் நடந்து வந்து கதவைத் தட்டினாள். ஜாக் திறந்தான். அடுத்த வரி அதுதான். கூரைத் தகரத்தில் மழை அடித்தது. என் நெஞ்சு அதைவிடப் பலமாக அடித்தது.

அவர் படிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். தாண்டத்தான் போகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது.

"ஜாக் சொல்றான்," என்று ஆரம்பித்தார். குரல் கரகரத்தது. "நீ உள்ள போனப்ப நான் வெளிய உக்காந்திருந்தேன். அரை மணி நேரந்தான்னாங்க, ஒரு மணி நேரம் ஆச்சு. யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியல. உன் செருப்பு மட்டும் கெடந்துச்சு. எடுத்து வச்சுக்கிட்டேன். கீழ வைக்க மனசு வரல. நீ வரலன்னா, இத எடுத்துக்கிட்டு நான் எந்த வீட்டுக்குப் போறதுன்னு நெனச்சேன்."

எமிலியின் ஊரில் முழங்கால் வரை பனி. அங்கே செருப்பு போடுகிற ஆளே கிடையாது. ஊர் முன்னால் இந்த மனுஷனையா திட்டினேன் என்று வெட்கமாக இருந்தது. சந்தோஷமும் தாங்கவில்லை. ஆனாலும் காட்டிக்கொள்ளக் கூடாது, எனக்குத்தான் கதை தெரியாதே.

"அதுக்கு எமிலி என்ன சொன்னா?" என்றேன்.

"என்னைக் கேட்டா? நீதான மூணு தடவ படிச்சவ."

நான் தலையைத் திருப்பினேன். கலங்கலாகத் தெரிந்த முகம் சிரிக்கிறதா என்று பிடிபடவில்லை.

"உள்ளட்டையில மூணு வருஷம் எழுதி வச்சிருக்கியே தனம். மொத நாளே பாத்துட்டேன்."

அப்படியென்றால், அது ஜாக் சொன்னது இல்லை என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார். நான் கையை நீட்டினேன். புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டார்.

"பேனா எடுத்து இந்த வருஷத்தையும் எழுதுங்க" என்றேன்.

"அப்புறம் எழுதலாம்" என்றார்.

மழை விடவில்லை. நாங்கள் ரெண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம்.