அருமையான முட்டை

விட்டர்போர்ன் சந்தை மண்டபம் நானூறு வருஷமாக மரத்தூண்களின்மேல் நிற்கிறதென்றால், அதற்குக் காரணம் தச்சு வேலை அல்ல, பிடிவாதம். பழைய ராஜா ஒருவர் கொடுத்த சாசனத்தில் ஒரு நிபந்தனை: செவ்வாய்தோறும் நண்பகல் மணிக்குள் ஒரு வியாபாரமாவது நடக்க வேண்டும், ஒரு வாரம் தவறினாலும் சந்தை உரிமை போச்சு. கொள்ளைநோய் வந்தபோது காசை வினிகரில் போட்டு வாங்கினார்கள். கூரை எரிந்தபோது ஒருத்தி புகைக்குள் நின்று வெண்ணெய் விற்றாள். உருகிவிட்டதால் அளந்து ஊற்றினாளாம்.

இந்தச் செவ்வாய் பனி. சாலையெல்லாம் அடைபட்டு, வந்து சேர்ந்தவர் முட்டைக்காரர் ஓஸ்வால்ட் பம்ரி ஒருவர்தான். மண்டபத்தை இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் பண்ணத் துடிக்கும் நகரமன்ற எழுத்தர் கிளாட்வின், மணிக்கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தார்.

எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஹெஸ்டர் த்ரப் இதைப் பார்த்தாள். ஓஸ்வால்ட் விற்பது கெட்ட முட்டை என்று எப்போதோ சந்தை நடுவில் சொன்னவள் அவள். அவர் மறுத்தார். அன்றிலிருந்து செவ்வாய்தோறும் சண்டை. புருஷன் போனபின் அவள் வாய்விட்டுப் பேச அந்தச் சந்தைதான் இருந்தது. அதுவும் போனால் சுவரோடுதான் பேச வேண்டும். பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

"ஒரு முட்டை குடுங்க, மிஸ்டர் பம்ரி."

"என் முட்டைதான் நாறுமே, மிசஸ் த்ரப்?"

"நான் ஆராய்ச்சி பண்ண வரல. குடுங்க."

"மொதல்ல மன்னிப்புக் கேளுங்க."

"மண்டபமே போகப்போவுது, இவருக்கு மன்னிப்பு வேணுமாம்."

"நிதானமா பேசுங்க," என்றார் கிளாட்வின் ஆசையோடு. "அவசரமே இல்ல."

அதைக் கேட்டதும் ஓஸ்வால்ட் முட்டையை எடுத்து நீட்டினார்.

உள்ளங்கையோடு உள்ளங்கை அடித்தால்தான் அங்கே வியாபாரம். வாங்கியவர் மணிக்கு முன் குறை சொல்லிவிட்டால் அது செல்லாது. ஹெஸ்டர் இடது கையில் முட்டையை வாங்கி, வலது கையை நீட்டினாள். ஓஸ்வால்ட் இத்தனை வருஷத்துக் கோபத்தையும் சேர்த்து ஓங்கி அடித்தார். வலியில் அவளுடைய இடது கை இறுகி, முட்டை உடைந்தது.

மண்டபம் முழுக்க நாறியது. ஓஸ்வால்டின் முகம் வெளுத்துப்போனது. அவள் போன வாரம்வரை சொன்னதெல்லாம் உண்மை என்று அவளுடைய கையுறையில் ஒழுகியது.

"குறை ஏதாவது உண்டா?" கிளாட்வின் மூக்கைப் பொத்திக்கொண்டே கேட்டார். "தயங்காம சொல்லுங்க."

வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஹெஸ்டர் அதை மென்று விழுங்கினாள்.

"ஒரு குறையும் இல்ல. அருமையான முட்டை."

"அப்ப இந்த நாத்தம்?"

"அது நீங்களா இருக்கும்."

வேறு வழியில்லாமல் கிளாட்வின் மணி அடித்தார்.

"அருமையான முட்டைன்னீங்க," என்றார் ஓஸ்வால்ட். "அடுத்த செவ்வாய் ஊரையே கூட்டிச் சொல்லுவேன்."

"சொல்லிப் பாருங்க. அன்னிக்கு வெச்சுக்கறேன் உங்களை."

அடுத்த செவ்வாய் என்று ஒன்று இருக்கிறது என்பதை நினைத்ததும் ஹெஸ்டருக்கு அழுகையே வந்துவிட்டது.