சுவருக்கும் பின்னந்தலைக்கும் நடுவே

1

மனித குலத்தில் பயமே இல்லாத ஒரே ஆள் இதை எழுதுகிறவன்தான். தற்பெருமை இல்லை; தகவல்.

கதை பிறந்தது அவனுடைய அண்ணன் அறைச் சுவரில். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வயது முப்பத்திநாலு, முதுகெலும்பு கணுக்கணுவாக ஒட்டிக்கொண்டு மூங்கிலாகி வருகிறது. தினமும் காலையில் குதிகாலையும் முதுகையும் சுவரோடு ஒட்டி நின்று, பின்னந்தலைக்கும் சுவருக்கும் நடுவே விரல் விட்டுப் பார்ப்பார். போன வருஷம் ஒரு விரல் போயிற்று. இப்போது மூன்று போகிறது. தலை பட்ட காலத்து எண்ணெய்க் கறை மட்டும் சுவரில் அப்படியே இருக்கிறது.

இதைத்தான் தம்பி கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகையில் 'சுவரொட்டியாரின் காலைக் கடமைகள்' என்று எழுதினான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

2

தொடக்கம் ஒன்று: தம்பி காலையில் கண்விழித்தபோது இடுப்பு

(வேண்டாம். வேறு.)

தொடக்கம் இரண்டு: நோய் எதிர்ப்பு மரபணுக்களில் பி27 என்று ஒரு வகை உண்டு; இந்த மூங்கில் முதுகு பெரும்பாலும் அதோடுதான் வரும். அண்ணனுக்கு இருக்கிறது. தம்பிக்கும் இருக்க ஏறக்குறையப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருந்தாலும் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது என்றார் டாக்டர்.

(அடிக்குறிப்பு: பெரும்பாலோர் என்பது ஒரு கூட்டம். முதுகு தனி ஆள்.)

3

தம்பியின் பி27 ரத்தப் பரிசோதனை முடிவு வந்து நாலு நாள். கவர் மேசைமேல் கிடக்கிறது.

"பிரிச்சியாடா?"

"கதை முடியட்டும்ண்ணே."

"கதை எப்ப முடியும்?"

"கவரைப் பிரிச்சா."

அண்ணன் சிரித்தார். கழுத்து திரும்பாததால் முழு உடம்பையும் இவன் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

"காலைல எழுந்ததும் இடுப்பு பிடிக்குதா?"

"சேச்சே. இல்லையே."

"எவ்வளவு நேரம் இல்ல?"

"ஒரு அரை மணி."

சொன்ன பிறகுதான் தம்பிக்கு உறைத்தது. அண்ணன் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

"நடந்தா சரியாயிடுதா? எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது."

தம்பி பேனா மூடியைத் தேடினான்.

"எனக்கு என்ன வியாதின்னு தெரியவே எட்டு வருஷம் ஆச்சுடா. உனக்குக் கையிலயே இருக்கு. அதுமேல டீ டம்ளரை வைக்கிற."

4

முடிவு அ: இல்லை என்று வருகிறது. அப்புறம் அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

முடிவு ஆ: இருக்கிறது என்று

(இந்த வாக்கியத்தை மூன்று தடவை தொடங்கியாயிற்று.)

'தம்பி', 'அவன்' என்றெல்லாம் எழுதினால் வலி அந்த ஆளோடு போய்விடும் என்று ஒரு நப்பாசை. காலையில் இடுப்பு அதை ஒப்புக்கொள்வதில்லை.

5

அண்ணன் வேலைக்குப் போய்விட்டார். இதை எழுதுகிறவன் அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். குதிகாலைச் சுவரோடு ஒட்டினான். பிறகு முதுகை. எண்ணெய்க் கறை தலைக்குப் பின்னால் எங்கோ இருக்கிறது. தலை சுவரில் பட்டதா இல்லையா, தெரியவில்லை. ஆள்காட்டி விரலை நீட்டி மெல்ல மேலே கொண்டுபோகிறான்.

கவர் மேசைமேல்தான் இருக்கிறது, டம்ளர் வட்டத்தோடு. நீங்களே பிரித்துவிடுங்கள். அவனுக்கு இப்போது கை ஒழியவில்லை.